ஐயாயிரம் அடிக்குக் கீழே

கண்டி மலைநாட்டுப் பன்விலைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் பன்விலையைப் பார்ப்பதில்லை. கடைவீதியில் வண்டியை நிறுத்தி ஒரு பிளேன்டீ, இரண்டு வடை. அப்புறம் மடுல்கலைக்கோ, உலுகங்கை அருவிக்கோ, நக்கிள்ஸ் மலைக்கோ கிளம்பிவிடுவார்கள். படம் எடுப்பதென்றால் உச்சியில் மஞ்சு, அடிவாரத்தில் அருவி. நடுவில் கிடக்கும் தேயிலை மலையும் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களும் ஓடைப் பள்ளங்களும் கைவிட்டுப் புல் ஏறிய சரிவுகளும் யாருடைய பயணத் திட்டத்திலும் இல்லை. நான் அந்த நடுப்பகுதியைப் பார்க்கத்தான் போனேன். நக்கிள்ஸ் காட்டின் நாளை அங்கேதான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

பயணத்தைக் கண்டி நகரத்திலேயே, உடவத்தகெலைக் காட்டில் தொடங்கினேன். தலதா மாளிகைக்குப் பின்புறம் ஏறினால் சில நிமிடத்தில் காட்டுக்குள் நிற்கலாம். நூறு ஹெக்டேயருக்குச் சற்று மேற்பட்ட பரப்பு. 1938இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. மரநாய் இருக்கிறது, மரை கிடையாது, சிறுத்தை கிடையாது. நாலாபக்கமும் நகரம். உள்ளே போனது வெளியே வர முடியாது, வெளியே இருப்பது உள்ளே வர வழியில்லை. தென்னமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து நட்ட பால்சம் மரம் இன்று இந்தக் காட்டின் அடித்தளத்தை நாற்றாங்கால்போல நிறைத்திருக்கிறது. அதன் கன்றுகளுக்கு நடுவே நம் ஊர் மரத்தின் கன்றைத் தேடித்தான் காண வேண்டும். வேலி இருக்கிறது, காவல் இருக்கிறது, நுழைவுச்சீட்டு கூட இருக்கிறது. காடு பாதுகாப்பாகவே இருக்கிறது. பாதுகாப்பாக இருந்தபடியே மெல்ல வேறொன்றாக மாறிக்கொண்டிருக்கிறது. துண்டான காட்டுக்கு என்ன நடக்கும் என்று கேட்பவருக்கு நான் முதலில் காட்டுவது இந்த இடத்தைத்தான்.

அங்கிருந்து இறங்கி வத்துகாமம் பஸ்ஸைப் பிடித்தேன். மடவளை தாண்டியதும் இருபுறமும் கண்டி நாட்டு வீட்டுத் தோட்டங்கள். மேலே பலா, கித்துள், கமுகு. நடுவில் கராம்பு, சாதிக்காய், ஆனைக்கொய்யா. மரத்தில் ஏறிய மிளகு. அடியில் கோப்பி, இஞ்சி, வாழை. பஸ்ஸிலிருந்து பார்த்தால் வீடு தெரியாது, கூரையின் ஒரு மூலைதான் தெரியும். விவசாயத் துறையினர் இதை வேளாண் காடு என்பார்கள். ஊர்க்காரருக்கு அது வெறும் ‘வத்த’, தோட்டம். ஆனால் மலைமைனாவும் சாம்பல் இருவாச்சியும் மரநாயும் பழம் தின்று விதை போட்டுக்கொண்டு மரத்துக்கு மரம் போவதற்கு இது போதும். வனத்திணைக்களம் எந்த வேலியும் போடாமல், எந்த அறிவிப்பும் இல்லாமல், பல தலைமுறையாக ஓர் இணைப்பு இங்கே வேலை செய்துவந்திருக்கிறது. அது அறுபடுவது வத்துகாமத்துக்கு அப்பால்தான். வீட்டுத் தோட்டம் மெல்ல முடிந்து தேயிலை தொடங்கும் இடத்தில், மரங்களின் உயரம் சட்டென்று இடுப்பளவுக்கு இறங்கிவிடுகிறது.

பன்விலையிலிருந்து மடுல்கலைப் பக்கம் ஒரு த்ரீவீலில் ஏறினேன். ஓட்டியவர் தோட்டத்தில் பிறந்து, கொழும்பில் சில காலம் கடையில் வேலை பார்த்துத் திரும்பி வந்தவர். “காடு பாக்கணும்னா மேல போகணும்ணே. இங்க என்னா இருக்கு, தேயிலதான்” என்றார். அவர் சொன்னது தவறில்லை. அந்த ‘மேல’ எப்படி மேலே போய் ஒதுங்கியது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு.

1840இல் பிரித்தானிய அரசு கொண்டுவந்த முடிக்குரிய காணிச் சட்டம், உறுதிப்பத்திரம் காட்ட முடியாத காட்டையும் தரிசையும் அரசுடைமை ஆக்கியது. கண்டி நாட்டுக் குடியானவர்கள் சேனை வெட்டிய நிலமும் மாடு மேய்த்த காடும் அதற்குள் அடங்கின. அடுத்த சில பத்தாண்டுகளில் கலபொக்கை, மடுல்கலை, ரங்கலை, நக்கிள்ஸ் என்று கோப்பி மாவட்டங்கள் முளைத்தன. மன்னாரிலிருந்து தம்புள்ளை, மாத்தளை வழியாக நடந்துவந்த தமிழ்க் கூலிகள்தான் காட்டை வெட்டினார்கள். வழியில் இறந்தவர்களுக்குச் சரியான கணக்கு இல்லை. 1869இல் கோப்பி இலையில் துருநோய் கண்டது. பதினைந்து, இருபது ஆண்டுகளில் கோப்பி ஒழிந்து, அதே மலையில் தேயிலை வந்தது.

இதற்கிடையில் 1873இல் ஒரு முடிவு எடுக்கப்பட்டது. லண்டன் கியூ தாவரத் தோட்டத்தின் தலைவராக இருந்த ஜோசப் ஹூக்கரின் ஆலோசனையின்பேரில், ஐயாயிரம் அடிக்கு மேலே உள்ள காட்டை இனி விற்பதில்லை என்று அரசு தீர்மானித்தது. மழையையும் ஆற்றையும் காக்கத்தான் அந்த முடிவு. விலங்குகளை யாரும் நினைக்கவில்லை. நல்ல முடிவுதான். அது இல்லாவிட்டால் நக்கிள்ஸ் உச்சியிலும் இன்று கொழுந்து பறித்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தது முழுக்க விலைப்பொருள் ஆயிற்று. காடு மலையின் தலையில் வைத்த தொப்பியாக மிஞ்சியது.

பிற்காலச் சட்டங்களும் இந்தத் தொப்பியைத்தான் பெரிதாக்கின. 2000இல் நக்கிள்ஸ் பாதுகாப்பு வனமானது. 2010இல் சிவனொளிபாத மலைக் காடு, ஹோட்டன் சமவெளி இரண்டோடும் சேர்த்து யுனெஸ்கோ அதை உலக மரபுரிமைப் பட்டியலில் வைத்தது. நக்கிள்ஸின் பங்கு 31,000 ஹெக்டேயருக்குச் சற்று மேல். வரைபடத்தில் பச்சையாக, கம்பீரமாக இருக்கிறது. விலங்குகளுக்கோ உயரக்கோடு தெரியாது. மழை பிடித்தால் இறங்கும், வெயில் ஏறினால் ஏறும், பழம் பழுத்த பக்கம் போகும். தொள்ளாயிரம், ஆயிரம் மீட்டரில் இருந்த நடுமலைக் காடுதான் அவற்றின் போக்குவரத்துப் பாதை. இன்று அங்கே பெரும்பாலும் தேயிலை. பூமி சூடேறுகிற காலத்தில் குளிர் தேடி உயிர்கள் இன்னும் மேலே ஏறும் என்கிறார்கள். நக்கிள்ஸ் தொடரின் மிக உயர்ந்த சிகரமான கொம்பானியா 1,906 மீட்டர். அதற்கு மேலே ஏற இடம் இல்லை.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். நக்கிள்ஸை இவ்வளவு அருமையான மலையாக்கியதும் பிரிவுதான். மகாவலி ஓடும் தும்பறைப் பள்ளத்தாக்கு இந்தத் தொடரை நடு மலைநாட்டிலிருந்து அறுத்து வைத்திருக்கிறது. அதனால்தான் மூக்கு நுனியில் இலைபோல் ஒரு தசை நீட்டிக்கொண்டிருக்கும் டென்னென்ட் ஓணான் உலகத்தில் இந்த மலையில் மட்டும் இருக்கிறது. அதன் சொந்தங்கள் ஹோட்டன் சமவெளியிலும் இறக்குவானை மலையிலும் வேறு வேறு இனங்களாகப் பிரிந்து வாழ்கின்றன. 2006இல்தான் பெயர் பெற்ற தும்பறைக் குள்ள ஓணானும் இந்த மலைக்கே உரியது. வாலைக் கிளையில் சுற்றிக்கொண்டு மெதுவாக நகரும் சின்ன உயிர் அது. ஸ்டெமோனோபோரஸ் அஃபினிஸ் என்ற மரமும் இங்கே மட்டும்தான் வளர்கிறது. ஆகவே பிரிவு என்றாலே கேடு என்று கொள்வதற்கில்லை. பள்ளத்தாக்கு பிரித்தபோது இரு பக்கமும் பெரிய காடு இருந்தது. மாறிக்கொள்ள இலட்சக்கணக்கான ஆண்டுகளும் இருந்தன. தேயிலை பிரித்தபோது மிஞ்சியது சில ஏக்கர் துண்டுகள், கிடைத்த காலம் நூற்றைம்பது ஆண்டு. எல்லாக் காட்டையும் எல்லாக் காட்டோடும் கோத்துவிடு என்று நான் சொல்லவில்லை. நக்கிள்ஸை ஹோட்டன் சமவெளியோடு இணைக்கச் சொன்னால் அது கேலிக்கூத்து. நாம் அறுத்த இடத்தை நாம் ஒட்டினால் போதும்.

மடுல்கலைக்கு முன்பே இறங்கி, ஒரு தேயிலை மலையின் ஓரமாக நடந்தேன். தோட்டத்தார் காட்டுத்தொங்கல் என்பார்கள், தேயிலை முடிந்து காடு தொடங்கும் விளிம்பு. நண்பகல். தேயிலைக்குள் வெயில் தோலைச் சுட்டது. தொங்கலைத் தாண்டிச் சில அடி உள்ளே போனபோதும் தரையில் சருகு மொறுமொறுத்தது. இன்னும் வெகுதூரம் உள்ளே போன பிறகுதான் சருகு ஈரமாகி, மிதித்தால் ஓசை இல்லாமல் அமுங்கியது. இந்த உலர்ந்த விளிம்புதான் பிரச்சினையின் மையம். துண்டு சிறியதானால் விளிம்பே முழுக் காடாகிவிடும். நடு என்று ஒன்று இருக்காது.

அந்த ஈரச் சருகின் அருமை தவளையை நினைத்துப் பார்த்தால் புரியும். இலங்கையின் புதர்த்தவளைகளில், சூடோபிலாடஸ் என்ற பேரினத்தில், தலைப்பிரட்டை என்ற பருவமே வெளியில் இல்லை. முட்டைக்குள்ளேயே வளர்ந்து குட்டித் தவளையாகத்தான் வெளிவரும். ஆகவே குளம் வேண்டாம், குட்டை வேண்டாம்; முட்டையிட ஈரமண்ணோ ஈர இலையோ இருந்தால் போதும். கேட்க வசதியாக இருக்கிறது. ஆனால் அந்த ஈரம் ஒரு வாரம் தவறினால் ஒரு தலைமுறை போயிற்று. இலங்கையில் அழிந்துபோனதாகப் பட்டியலிடப்பட்ட தவளை இனங்களில் பெரும்பாலானவை இந்தப் பேரினத்தைச் சேர்ந்தவை. கோப்பிக்குக் காடு வெட்டிய பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிடித்துப் புட்டியில் போட்ட உடல்களாக மட்டும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. சிறுத்தை தேயிலையைத் தாண்டி அடுத்த காட்டுக்குப் போய்விடும். இத்தகைய காட்டுத் தவளைக்குப் பத்துப் பேர்ச் தேயிலையும் பாலைவனம்தான்.

பிரேசிலின் மனாவுஸ் அருகே 1979இல் சூழலியலாளர் தாமஸ் லவ்ஜாய் தொடங்கிய ஆய்வில் இதையே நேரடியாகப் பார்த்தார்கள். ஒரு ஹெக்டேயர், பத்து, நூறு என்று காட்டைத் துண்டுகளாக விட்டுவைத்து, எது எப்போது மறைகிறது என்று குறித்தார்கள். காட்டின் அடிநிலையில் வாழும் பறவைகள் சில, ஒரு சாலையளவு வெட்டவெளியைக்கூடத் தாண்டத் தயங்கின. 2015இல் வெளியான ஓர் உலகளாவிய கணக்கு, பூமியில் மிஞ்சியுள்ள காட்டில் 70 விழுக்காடு ஏதோ ஒரு விளிம்பிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கிறது என்றது. பன்விலைக் காட்டுத்தொங்கலில் நிற்பவருக்கு அந்தக் கணக்கு ஆச்சரியம் தராது.

தொங்கலுக்குக் கீழே கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த ஓர் அக்காவிடம் புலி வருமா என்று கேட்டேன். சிறுத்தையைத் தோட்டத்தில் யாரும் சிறுத்தை என்று சொல்வதில்லை. கொழுந்தெடுக்கும் அவர் கை நிற்கவில்லை. “வரும் தம்பி. வராம என்னா செய்யும், அதுக்கும் போக்கெடம் இல்லயே. கவ்வாத்து வெட்டுன மலையில நிக்காது. செடி ஒசந்த மலையில படுத்துக்கும். நாய் போனா போச்சு. எங்கள ஒண்ணும் செஞ்சதில்ல. பன்னிதான் தம்பி தொல்ல. லயத்துக்குப் பின்னால கிழங்கு போட்டா ஒரு ராத்திரியில கெளறிப் போட்டுரும்.”

இந்தப் பன்றிதான் சிறுத்தையின் சாவுக்கு வழி. மரக்கறிப் பாத்தியைக் காக்கவும், இறைச்சிக்காகவும், மலைநாடு முழுக்கக் கம்பிச்சுருக்கு வைக்கிறார்கள். மோட்டார் சைக்கிளின் பிரேக் கேபிள் ஒன்று போதும். சுருக்குக்குப் பன்றி எது, சிறுத்தை எது என்று தெரியாது. 2020 மே மாதம் நல்லதண்ணி அருகே லக்ஷபான தோட்டத்தில் இலங்கையில் மிக அரிதான கறுஞ்சிறுத்தை ஒன்று இப்படிச் சிக்கியது. உடவளவைக்குக் கொண்டுபோய் மருத்துவம் செய்தும் சில நாளில் இறந்தது. நாடே கண்ணீர் விட்டது. அந்தக் கண்ணீரில் பாதியாவது லயத்துக்குப் பின்னால் கிழங்கு இழந்தவர்களுக்கும் இருந்திருக்கலாம். 1937இலிருந்தே வனசீவராசிகளைக் காக்கச் சட்டம் இருக்கிறது. பன்றி தின்ற பாத்திக்கு இழப்பீடு கேட்டு ஒரு லயத்துப் பெண் எந்தக் கதவைத் தட்டுவது என்பதற்கு ஒழுங்கான பதில் இல்லை.

மேலும் நடந்தால் கைவிட்ட மலைகள். கண்டி, மாத்தளைப் பக்கத்து அரசுத் தோட்டங்களில் இது சாதாரணக் காட்சி. ஆளில்லை, உரமில்லை, விளைச்சலில்லை. ஒரு நம்பர் (தேயிலை மலையின் ஒரு பகுதி), பிறகு பக்கத்து நம்பர் என்று காடாக விட்டுவிட்டார்கள். வெட்டாமல் விட்ட தேயிலை மரமாக ஓங்கி வெள்ளைப்பூ பூத்து நிற்கிறது. நடுநடுவே வட்டக்கண்ணி எழுந்திருக்கிறது, பறவை போட்ட விதையில் ஆலின் உறவுக்காரர் ஒன்றிரண்டு. அடுத்த சரிவிலோ மானாப்புல் மட்டும். வித்தியாசம் தீயால் வருவது. வறண்ட மாதத்தில் யாரோ வைக்கும் நெருப்பு புல்லை எரிக்கும், கூடவே மரக்கன்றையும் எரிக்கும். புல் வேரிலிருந்து மறுபடி வரும், கன்று வராது. தீப்படாமல் சில ஆண்டு காத்தாலே அந்த மலை தானாகக் காட்டை நோக்கி நகரும் என்பதைப் பக்கத்துப் பக்கத்துச் சரிவுகளே காட்டுகின்றன. இதற்கு நாற்றுத் தவறணையும் தேவையில்லை, அமைச்சரின் மரநடுகையும் தேவையில்லை.

ஓடைப் பள்ளம் இன்னும் முக்கியமானது. தேயிலை நட முடியாத செங்குத்து என்பதால் துரைமாரும் விட்டுவைத்த இடம். மரப்பன்னை, கித்துள், காட்டுப் பலா வகைகள், பாறையில் வழுக்கும் பாசி. உலுகங்கைக்கு இறங்கும் ஓடைகள் எல்லாம் இப்படி ஒரு பச்சை இழையை மேலிருந்து கீழே இழுத்துக்கொண்டு வருகின்றன. உலுகங்கை விக்டோரியா நீர்த்தேக்கத்தில் சேர்கிறது. ஆக, உச்சிக் காட்டுக்கும் வீட்டுத் தோட்டத்துக்கும் நடுவே நிற்கும் பாலம் ஏற்கனவே பாதி கட்டியாயிற்று. சில இடத்தில் இழை இருபுறமும் சில அடியாக ஒடுங்கி, தேயிலை நீரின் விளிம்புவரை இறங்கிவிட்டது. சில இடத்தில் விறகுக்கு வெட்டியிருக்கிறார்கள். எரிவாயு விலை ஏறினால் முதலில் சாகிறது ஓடைக்கரை மரம். அந்த அறுந்த இடங்களை நடந்து பார்த்துக் குறித்தாலே வேலை எங்கே என்று தெரிந்துவிடும்.

ஏலக்காயைச் சொல்லாமல் நக்கிள்ஸ் கதை முடியாது. 1960களிலிருந்து மேல்காட்டின் அடித்தளத்தை வழித்து ஏலச்செடி போட்டார்கள். மேலே பெரிய மரங்கள் நின்றதால், தூரத்திலிருந்து பார்த்தால் காடு முழுசாகத் தெரிந்தது. உள்ளே ஒரு மரக்கன்றுகூட வளர விடவில்லை. காயைக் காயவைக்கும் சூளைக்கு விறகும் அதே காட்டிலிருந்து. கிழவர்கள் மட்டும் வாழும் ஊர்போல, இறக்கிறவருக்குப் பதில் வர ஆளில்லாத காடு. 1980களின் நடுப்பகுதியிலிருந்து அரசு அதைக் கட்டுப்படுத்தத் தொடங்கியது. அதே சமயம் டென்னென்ட் ஓணான் ஏலத்தோட்ட நிழலிலும் வாழ்வதைக் கண்டிருக்கிறார்கள். அரைகுறை நிழலும் சில உயிருக்கு உதவும் என்பதற்கு அது சான்று. ஏலத்துக்கு மறுபடி அனுமதி கேட்பவர்களுக்கு அது சாட்சி ஆகாது.

பிறகு பைன். 1970, 80களில் மகாவலி நீரேந்து பகுதியைப் பசுமையாக்க நட்டது. கீழே ஊசிச்சருகு, மேலே காற்றின் இரைச்சல், நடுவில் ஒன்றுமில்லை. வெட்டி எறியலாமே என்று தோன்றும். சிங்கராஜ வனத்தின் ஓரத்தில் காட்டியல் ஆய்வாளர் மார்க் ஆஷ்டனும் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் குணதிலக்க தம்பதியும் 1991இலிருந்து வேறொன்றைச் செய்து காட்டினார்கள். பைனின் சில வரிசைகளை மட்டும் அகற்றி, கிடைத்த அளவான வெளிச்சத்தில் மழைக்காட்டு மரங்களை நட்டார்கள், அவை வளர்ந்தன. மலைநாட்டுப் பைன் தோப்புகளை நிழல்தரும் செவிலியாக வைத்துக்கொள்ளலாம் என்பதற்கு முப்பதாண்டுப் பழைய பாடம் நாட்டுக்குள்ளேயே இருக்கிறது.

தமிழ்நாட்டில் வால்பாறைக்குப் போயிருப்பவர்களுக்கு இதெல்லாம் பழகிய காட்சியாகத் தெரியும். அங்கேயும் ஏறத்தாழ 220 சதுர கிலோமீட்டர் தேயிலை, காப்பிப் பீடபூமி; நடுவில் நாற்பதுக்கும் மேற்பட்ட மழைக்காட்டுத் துண்டுகள். இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் திவ்யா முடப்பாவும் சங்கர் ராமனும் தோட்ட நிறுவனங்களோடு பேசி, அந்தத் துண்டுகளில் உள்ளூர் மரங்களை நட்டுவருகிறார்கள். புதுத்தோட்டத்தில் சிங்கவால் குரங்கு சாலையைக் கடக்கக் கிளைக்குக் கிளை பாலம் கட்டினார்கள். யானை வரும் செய்தி தோட்டத் தொழிலாளியின் கைபேசிக்குப் போகிறது, சிவப்பு விளக்கு எரிகிறது. எனக்கு அதில் பிடித்தது மரத்தைவிட விளக்கு. காட்டையும் ஆளையும் ஒரே திட்டத்தில் எழுதியிருக்கிறார்கள்.

பன்விலையில் அப்படி ஒரே திட்டமாக எழுத வேண்டிய நிலம் யாருடையது? உச்சி வனத்திணைக்களத்துக்கு. தேயிலை அரசு நிறுவனத்துக்கோ கம்பனிக்கோ குத்தகையில். 1970களின் காணிச் சீர்திருத்தத்தில் கைமாறிய சில துண்டுகள் காணிச் சீர்திருத்த ஆணைக்குழுவுக்கு. எங்கும் சேராத எஞ்சிய காட்டுத் துண்டுகளை 2001ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சுற்றறிக்கை வனத்திணைக்களத்தின் கையில் வைத்திருந்தது. 2020 நவம்பரில் அந்தச் சுற்றறிக்கையை அரசு நீக்கியது. இணைப்புக்கு உதவக்கூடிய துண்டுகள் இவைதாம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இவை வெறும் புதர். காடாக எண்ணப்படாததால் இவற்றுக்காக யாரும் ஊர்வலம் போவதில்லை.

நூற்றெண்பது ஆண்டாக அந்த மலையில் வேலை செய்யும் மக்களில் பெரும்பாலோருக்கோ அதில் ஓர் அடியும் சொந்தமில்லை. ஏழு பேர்ச், பத்துப் பேர்ச் வீட்டுக் காணிக்கு இன்னும் காத்திருக்கிறார்கள். லயத்தில் இருப்பவர் ஓடைக்கரை மரத்தை ஏன் காக்க வேண்டும்? அது தன்னுடையது இல்லை என்று நூறு முறை சொல்லிக் கேட்டவர் அவர். கண்டி வீட்டுத் தோட்டக்காரர் பலாவையும் கித்துளையும் காப்பது இயற்கை நேசத்தால் மட்டும் அல்ல. மரம் அவருடையது, பேரன் காய் பறிப்பான் என்று தெரியும். வத்துகாமத்துக்கு அப்பால் இணைப்பு அறுபடுவதற்கு மண்ணோ உயரமோ காரணமில்லை. உரிமை அறுபடும் இடமும் அதுவேதான்.

ஆகவே என் கோரிக்கை சிறியது. கைவிட்ட தேயிலை மலைகளை மறுபடி சோலார் பண்ணைக்கோ ஹோட்டலுக்கோ குத்தகைக்கு விடுவதற்கு முன், பன்விலைப் பிரதேச செயலகமும் தோட்ட நிர்வாகங்களும் வனத்திணைக்களமும் ஒரே வரைபடத்தை ஒரே மேசையில் விரிக்கட்டும். உலுகங்கைக்கு இறங்கும் ஒவ்வோர் ஓடைக்கும் இருபுறமும் ஒரு பட்டையை விலக்கி வைக்கட்டும். புல்மலைகளை வறண்ட மாதங்களில் தீயிலிருந்து காக்கும் வேலையையும், பட்டையில் மரம் வளர்க்கும் வேலையையும் தோட்டத்து மக்களுக்கே நாட்சம்பளத்தோடு கொடுக்கட்டும். லயத்துக்குப் பதில் வீடு கட்டும்போது, வீட்டோடு பலாவும் கமுகும் வைக்கும் அளவுக்குக் காணியை உறுதிப்பத்திரத்தோடு கொடுக்கட்டும். கடைசியாகச் சொன்னதைச் செய்யாமல் முதல் மூன்றையும் செய்தால் பத்தாண்டில் மறுபடி புல்தான் மிஞ்சும்.